முள் பொருத்தும் கதிரையில் குவிந்த தட்டுகள்

1. மூன்று கதிரைகள்

நான் சுவிஸில் முழு மணிக்கூடு செய்கிறேன் என்றே எங்கள் வீட்டில் நம்பியிருந்தார்கள். "மகள் அங்கை மணிக்கூடு செய்யிறா" என்று ஐயா கோப்பாயில் காண்பவர்களிடமெல்லாம் சொன்னாராம். எண்பதுகளின் நடுப்பகுதியில், லா ஷோ-து-ஃபோன் நகரின் சிறிய மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில், நான் செய்ததெல்லாம் டயலைப் பொருத்துவது மட்டுமே. என் தட்டு நிறைந்ததும் அது பக்கத்துக் கதிரைக்குப் போகும். அங்கே யோகம் அக்கா மூன்று முட்களையும் சாவணம் என்னும் நுண் இடுக்கியால் எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். ஒவ்வொரு முள்ளுக்கும் மூச்சை அடக்கி, வைத்த பின்பே விடுவார். மூன்றாம் கதிரையில் புஷ்பா அதைக் கூட்டுக்குள் இட்டு மூடுவாள்.

யோகம் அக்கா மட்டக்களப்பு. புஷ்பாவும் நானும் யாழ்ப்பாணம். "மறுகா என்ன நடந்தது, அக்கா?" என்று, 'பிறகு' என்பதற்கு அவர் சொல்லும் சொல்லாலேயே புஷ்பா அவரைப் பழித்துக் காட்டுவாள். "மறுகா உன்ட வாயத் தைப்பன் புள்ள" என்பார் அவர், தலை நிமிராமலே. அவருடைய சிறு மகள் ஊரில் தங்கையிடம் வளர்ந்தாள். நிலையான வேலை இருந்தால்தான் பிள்ளையை வரவழைக்கக் கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டில் யார் எவ்வளவு சுட்டார் என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. கை ஓய்ந்தவள் அடுத்தவளின் எண்ணெய்த் தாச்சிக்குப் போய்விடுவாள். அந்த வழக்கத்தை எங்களை அறியாமலே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்திருந்தோம். என் வேலை முடிந்ததும் யோகம் அக்காவின் தட்டு ஒன்றை என் பக்கம் இழுத்து முட்களை வைப்பேன். புஷ்பாவும் அப்படியே.

எங்கள் பகுதிப் பொறுப்பாளரை, தலைவர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால், 'ஷெஃப்' என்றே எல்லோரும் அழைத்தோம். நியாயமான மனிதர். காலையிலும் வேலை முடியும் வேளையிலும் வந்து பார்ப்பார். எங்கும் ஒரு தட்டும் தேங்கியதில்லை. மாலையில் நாங்கள் மூவரும் தட்டுகளை முடித்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "இந்த மேசையில வேலை குறைவு. ரெண்டு பேர் காணும். மாத முடிவில கடைசியாச் சேந்த ஆள் வேலையை விட்டு நிக்கவேணும்."

கடைசியாகச் சேர்ந்தவர் யோகம் அக்கா.

2. கை கொடுக்காத நாட்கள்

உடை மாற்றும் அறையில் நான்தான் முதலில் வாய் திறந்தேன். "நாங்களும் சேந்துதான் முள்ளு வைக்கிறனாங்கள் எண்டு ஷெஃப்பிட்டச் சொல்லுவம்."

"சொன்னா, அக்கா மெதுவெண்டுதானே நினைப்பான்?" என்றாள் புஷ்பா. "நாளைக்கே வீட்டை அனுப்புவான்."

யோகம் அக்கா மேலங்கியின் தெறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேரும் என்ட தட்டத் தொடாதீங்க. குவியட்டும். அந்தாள் கண்ணால பாக்கட்டும்."

"உங்களைத்தானே ஏசுவான், அக்கா?"

"ஏசட்டும் கா. ஏச்சு வாங்கி ஆரும் செத்ததோ?"

மறுநாள் முதல் நாங்கள் கை கொடுக்கவில்லை. என் விரல்கள் தாமாகவே அவர் பக்கம் நீளும். மடக்கி மடியில் வைத்துக்கொள்வேன். நான் முடித்த தட்டுகள் அவர் முன்னே அடுக்கடுக்காக உயர்ந்தன. மறுபுறம் புஷ்பா வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகம் அக்காவின் கழுத்து வியர்த்திருந்தது.

ஷெஃப் வந்தார். குவியலைக் கண்டதும் முகம் சிவந்தது. "ஏன் இவ்வளவு மெதுவு?"

யோகம் அக்கா எழுந்து, சாவணத்தை ஷெஃப்பின் முன் வைத்துக் கதிரையைக் காட்டினார். அவர் சிரித்தபடி அமர்ந்து லென்ஸைக் கண்ணில் பொருத்தினார். தேர்ந்த கை அவருடையது. எனினும் அவர் ஒரு தட்டை முடிப்பதற்குள் நான் இரண்டை முடித்திருந்தேன். யோகம் அக்காவின் வேகம் எதுவோ, அதுவே அவருடைய வேகமாகவும் இருந்தது. குவியலைப் பார்த்தார். புஷ்பாவின் வெறும் மேசையைப் பார்த்தார்.

"முந்தி ஏன் இது குவியேல்லை?" என்று என்னிடம் கேட்டார். நாங்களும் சேர்ந்து முள் வைத்ததை எனக்கிருந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் லென்ஸைக் கழற்றினார். "உங்கட உதவியாலை எனக்கு ஒண்டும் தெரியாமல் போச்சு" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் வேலையைப் பிரித்தார். மணி முள் என்னிடமும் விநாடி முள் புஷ்பாவிடமும் வந்தன. நிமிட முள் யோகம் அக்காவிடம் நின்றது. தட்டுகள் ஒரே சீராக நகர்ந்தன. யாரையும் நிறுத்தும் பேச்சு பிறகு எழவில்லை.

3. பிறகு

முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் அந்தக் குவியலின் இடத்தை 'பொட்டில்நெக்' என்றும், ஷெஃப் செய்ததை 'லைன் பலன்சிங்' என்றும் அறிவார்கள். பின்னாளில் பொறுப்பாளராக உயர்ந்தபோது, மாலை வகுப்பில் நானும் அச்சொற்களைப் படித்தேன். நான் அறிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளைக் குறைக்குமுன், வேலை எங்கே காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். எங்கும் காத்துக் கிடக்கவில்லையென்றால், யாருடைய கை அதை நகர்த்துகிறது என்று கேளுங்கள்.

யோகம் அக்காவின் மகள் வந்து சேர்ந்தாள். பிள்ளையைத் தனியே வைத்து வேலைக்குப் போக முடியாததால், தாயும் மகளும் வேறு நகரமான எம்மன்புரூக்கேயில் இருந்த அவருடைய தம்பியின் வீட்டுக்கே போய்விட்டார்கள். எந்த வேலையைக் காப்பாற்றப் பாடுபட்டோமோ, அதை அவரே விட்டுச் சென்றார். புகையிரத நிலையத்தில், "நீயும் வாவன் கா" என்றார். "வாறன் அக்கா" என்றேன். பலமுறை போய் வந்தேன். ஆனால் அவர் கேட்டது அந்த வருகையை அல்ல, கூடவே வந்து இருப்பதை. யாராவது நுண்ணிய வேலை ஒன்றைச் செய்து, அடக்கிய மூச்சை விடும் ஒலி கேட்டால், இன்றும் என் தலை பக்கவாட்டில் திரும்புகிறது.

யோகம் அக்கா காலமாகிவிட்டார். அவருடைய மகள் எம்மன்புரூக்கேயில் இருக்கிறாள். புஷ்பா கலியாணமாகிப் போன ஷாஃப்ஹவுசனில் இருக்கிறாள். லா ஷோ-து-ஃபோனில் நான் இருக்கிறேன்.