வெளிப்பக்கம் பூட்டிய வீடு

ஜாம்பியாவில் தன்னார்வ ஊழியம் செய்த இரண்டு வருஷமும், நோயாளி இருக்கும் வீட்டைத் தேடிப் போய் ஜெபிப்பதுதான் என் வேலை. போய் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டேன். அந்த ஜனங்கள் என்னை எவ்வளவு பொறுத்துக்கொண்டார்கள் என்பது, ஊர் திரும்பி, என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது கீமோவில் ரத்தத்தில் வெள்ளையணு அடியோடு இறங்கிவிட்டது. "யாரையும் பக்கத்துல விடாதீங்க. காய்ச்சல் நூறைத் தாண்டுனா உடனே இங்க இருக்கோணும்" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து அவிநாசியில் எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இரண்டே பேர். நான் கதவுப் பிடிகளைத் துடைப்பேன். துடைத்ததையே மறுபடி துடைப்பேன். ஜோக் சொன்னால், "சிரிச்சா வாய்ப்புண்ணு எரியுது, சும்மா இருங்க" என்பாள். முப்பது வருஷமாக என் ஜோக்குக்குச் சிரிக்காதவளுக்கு இப்போதுதான் ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது.

வருகிறவர்களை வாசலோடு அனுப்ப எனக்குத் தெரியவில்லை. "இப்ப வேண்டாமுங்க" என்று ஆரம்பிப்பேன். "காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று முடியும். அப்படி உள்ளே வந்த ஒருவர் ஒரு மணி நேரம் தும்மிவிட்டுப் போனார். அதன் பிறகு அவளே முடிவெடுத்தாள்.

"ஏனுங்க, கேட்டை வெளிப்பக்கம் பூட்டிப்போடுங்க. ஊருல இல்லைன்னு நெனச்சுக்குவாங்க."

வெளியே போய்ப் பூட்டினேன். பின்பக்கம் சுற்றி வந்து, அறுபத்தோரு வயசில் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தேன். அவள் முழங்காலைப் பார்த்தாள்.

"உள்ள நின்னு கம்பிக்குள்ள கையை உட்டுப் பூட்டியிருந்தா ஆவாதுங்களா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் சபைச் செயலாளரும் மூன்று பெண்களும் வந்தார்கள். நாங்கள் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டோம்.

"பூட்டிக் கெடக்குதுங்களே."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்களாட்ட இருக்குதுங்க."

"வந்தது வந்துட்டோம், இங்கயே ஜெபம் பண்ணிப்போட்டுப் போலாமுங்க."

செயலாளர் ஆரம்பித்தார். அவளுக்காக வேண்டியபின் எனக்காகவும் வேண்ட ஆரம்பித்தார். "கர்த்தாவே, அந்தச் சகோதரருடைய விளையாட்டுப் புத்தியை மாற்றி, கொஞ்சம் பொறுப்பைத் தாரும்." மூன்று பெண்களும் அழுத்தமாக ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்பாடா, கடைசியில் சிரித்துவிட்டாளே என்று கையைப் பிடித்தேன்.

சிரிப்பில்லை. நடுக்கம். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

ஜெபம் முடியவில்லை. நான் கதவைத் திறந்து போய், கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டைத் திறந்தேன். செயலாளர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க பிரதர், ஊட்லதான் இருக்கறீங்களா?"

"இருக்கறமுங்க. காய்ச்சலுங்க. காரு வேணும்."

அவர் ஓடினார். காரைக் கேட்டை ஒட்டிக் கொண்டுவந்தார். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். கோயம்புத்தூர் வரை செயலாளர் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டே ஓட்டினார்.

அவளைத் தனி அறைக்குள் கொண்டுபோனார்கள். பையோடு பின்னால் போன என்னை நர்ஸ் மறித்தார்.

"விசிட்டர் யாரும் உள்ள வரக் கூடாதுங்க."

"நான் விசிட்டர் இல்லைம்மா, வீட்டுக்காரன்."

"உங்களுக்குச் சளி புடிச்சிருக்குதுங்களே."

இரண்டு நாளாக மூக்கு அடைத்திருந்தது. தூசி என்று அவளிடம் சொல்லியிருந்தேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் காய்ச்சல் இறங்க நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டீல் நாற்காலியில் கிடந்தேன். செயலாளர் தினமும் வந்தார். மூன்று நாற்காலி தள்ளி உட்காருவார். "ஏதாச்சும் வேணுங்களா?" என்பார். வேண்டாம் என்று தலையாட்டுவேன். எழுந்து போய்விடுவார்.