இரவல் இதயம்
எழுபதுகளின் கடைசியில், படிப்பு முடிந்து மூன்று வருடம் வீட்டில் சும்மா இருந்த எனக்கு, பழவங்காடிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. டெக்னீஷியன் வேலை கிடைத்தது. முக்கால்வாசி கிடைத்தது என்று சொல்ல வேண்டும். உடல்தகுதிச் சான்றிதழ் பாக்கி, அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும். எடுத்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அதனால்தானே என்னைக் கூப்பிட்டார்கள்?

"ரூல் ரூல்தான். நீயே எடுத்துக்கோ, வேற ஆளில்லல்லோ," என்றார் ஆபீஸ் கிளார்க், மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு நானே ஜெல்லி தடவி, பட்டையைக் கட்டிக்கொண்டு, படுத்தபடி சுவிட்சைப் போட்டேன். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் நெஞ்சு தறிகெட்டு ஓடியது. மூன்று தடவை எடுத்தேன். தடவைக்குத் தடவை வேகம் கூடியது. இந்த லட்சணத்தில் காகிதத்தைக் காட்டினால் எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார்?

பார்த்துக்கொண்டிருந்த அட்டெண்டருக்குப் பாவமாகிவிட்டது. நாகர்கோவில்காரர்.

"எந்திரி தம்பி, நான் படுக்கேன். எனக்க நெஞ்சுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. காலையிலேருந்து கொஞ்சம் வாயு, அவ்வளவுதான்."

வெட்கமில்லாமல் எழுந்தேன். காகிதத்தின் தலைப்பில் என் பெயரை எழுதி, அவருக்குப் பட்டை கட்டினேன். இறங்க வேண்டிய கோடு இறங்காமல் மேலேயே நின்றது. பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த மாரடைப்பு.

"நல்லா வருதா தம்பி?"

"வருது அண்ணாச்சி. அசையாம படுத்திருங்க."

காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் தலைப்பிலிருந்த என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நடக்கவே கூடாது. வீட்டுல ஆரு உண்டு?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். அந்தக் கணத்தில் நான் நினைத்தது அட்டெண்டரை அல்ல, வேலையை. இன்றைக்கும் கூசுகிறது.

"இது என் நெஞ்சு இல்ல சார். அட்டெண்டரோடது."

டாக்டர் திட்டக்கூட நிற்கவில்லை, ஓடினார். அட்டெண்டர் பிழைத்தார், உபகாரம் செய்யப் போனவரைப் படுக்கையில் போட்டுவிட்டேன் என்று அவருக்கு என்மேல் கோபம் வேறு. சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போலீசுக்குச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நாளை எட்டு மணிக்கு வரணம். அவருக்கு தெனமும் ஈ.சி.ஜி. எடுக்கணம். வேற ஆளில்லல்லோ."

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த வேலை என்று வீட்டில் சொன்னேன். அம்மா நம்பினாள்.