அமீனாவுக்கு ஒன்றும் வைக்காத வீடு

இரும்புப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல்லைக் கூச வைக்கிற ஒரு சத்தம் வருமே, அது நடுப்பகலில் கேட்டால் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்தான்: யார் வீட்டுக்கோ அமீனா வருகிறார். ராஜா அண்ணாமலைபுரத்துப் பங்களாக்களின் கொல்லைச் சுவர்களுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு அடிபம்பு, கோடியில் இரண்டு கக்கூஸ். தொண்ணூறுகளில் அதுதான் எங்கள் உலகம். கோர்ட்டு உத்தரவோடு வந்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்து எடுத்துப் போகிற ஆளைத்தான் 'அமீனா' என்போம். டிவிக்குத் தவணை கட்டாதவர், வட்டிக்கு வாங்கித் திருப்பாதவர் என்று லைனில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அவர் வருகை இருந்துகொண்டேயிருக்கும்.

அவரைச் சமாளிக்க எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. தெருமுனையில் அமீனாவையும், அவர் பின்னால் தோளில் பட்டை மாட்டிய கோர்ட்டுச் சேவகன் 'டவாலி'யையும் யார் முதலில் பார்த்தாலும் "கிருஷ்ணாயில் வண்டி வருதேய்!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்ட வீட்டின் சாமானெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் போய்விடும். அமீனா வந்து பார்த்தால் பாயும் பானையும்தான் இருக்கும். 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு போவார், கடன் கொடுத்தவனும் இரண்டு மூன்று தடவை அலைந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போவான். இதில் எங்களுக்கு வெட்கம் ஏதும் கிடையாது. ஊரையே ஏமாற்றுகிறவன் காரில் போகிறான், எங்கள் மிக்சியை நாங்கள் காப்பாற்றிக்கொண்டால் என்ன தப்பு என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்வோம்.

இந்தக் கலையில் தலைவி மேரி அக்கா. நொச்சிக்குப்பத்தில் பிறந்து எங்கள் லைனில் வாழ்க்கைப்பட்டவள், ரோட்டோரம் மீன் விற்பவள். கட்டிலின் கால்களைக் கழற்றுவதில் தச்சன் அவளிடம் தோற்க வேண்டும். என் அம்மாவுக்கு அவள்மேல் அப்படியொரு நம்பிக்கை. அவள் சொல்வதுதான் எங்கள் வீட்டுக்கு வேதம்.

எங்கள் வீட்டுக்கு அமீனா வந்தது நாங்கள் வாங்கிய கடனுக்காக அல்ல. என் அப்பாவை நான் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். அதே ஸ்டாண்டில் ஓட்டிய செல்வம் மாமா, சவாரியோடு போகும்போது ஒரு பெரியவர்மேல் இடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய பெண்டாட்டி கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். நைனா எழுந்து சட்டையை மாட்டினார், பெட்டியிலிருந்து ஆட்டோவின் ஆர்சி புக்கை எடுத்தார், போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "கூடக் குந்திகினு டீ குடிச்சவன், எப்டி உட்றது?" என்றார். ஒரு வாய்தாவுக்கு வந்த செல்வம் மாமா அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை. ஊரிலேயே இல்லை. பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். ஓடிப்போனவனை விட்டுவிட்டு, ஜாமீன் நின்றவரைத் தண்டம் கட்டு என்றது கோர்ட்டு.

கட்டுவதற்கு என்ன இருந்தது? அதற்குள் தவணை தவறி ஃபைனான்ஸ்காரர்கள் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நைனா வேறொருவர் ஆட்டோவை நாள்வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வாடகையும் பெட்ரோலும் போக மீதியில்தான் அரிசி. பகலில் சோறு வடித்தால் ராத்திரிக்கு அதையே தண்ணீர் ஊற்றி வைப்பாள் அம்மா. தவணையாகக் கட்டச் சொல்லிக் கோர்ட்டு கருணை காட்டியது, வாஸ்தவம். முதல் தவணையைக் கட்டினோம். அப்புறம் மழைக்காலம் வந்தது, எனக்கு டைபாய்டு வந்தது, தவணை நின்றது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அம்மா செல்வம் மாமாவைத் தினமும் ஒரு மூச்சு திட்டித் தீர்ப்பாள்.

அமீனா முதல் தடவை தனியாகத்தான் வந்தார். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றபடியே பேசினார். "அடுத்த வாரம் டவாலியோட வருவேன்மா. கட்டிலு, ஃபேனு, கிரைண்டரு... எதாவது நாலு சாமான் வெச்சிருங்க. எழுதிக்கினு போறேன். ஒண்ணுமே இல்லேன்னா உங்க வூட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்." அம்மா புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் தயங்கினார், பிறகு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காசு வாங்கிவிட்டார் அல்லவா, இனி 'ஒன்றுமில்லை' என்று எழுதித்தானே ஆகவேண்டும் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

மேரி அக்கா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "நாலு சாமான் வெக்கணுமாமா? இன்னா நைசா பேசிக்கீறான் பாத்தியா! ஒரு கரண்டி வெக்காதமே அவனுக்கு." நைனா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே, "ஃபேனாவது இருக்கட்டுமே. மன்சன் அவ்ளோ தூரம் வந்து சொல்றாரு இல்ல?" என்றார். அம்மா பிடித்துக்கொண்டாள். "உன் பேச்சைக் கேட்டு ஆட்டோ போச்சு, மானம் போச்சு. சீட்டுக் கட்டி, வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்கினதுய்யா இதெல்லாம். வாயத் தொறக்காத நீ!" ஜாமீன் போட்ட நாளிலிருந்தே வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை.

அந்த நாளும் வந்தது. கட்டிலும் மிக்சியும் மேரி அக்கா வீட்டுக்குப் போயின, கிரைண்டர் எதிர்வீட்டுக்குப் போனது, பீரோவை நான்கு பேர் தூக்கிக் கோடி வீட்டில் வைத்துத் துணியால் மூடினார்கள். ஃபேனைக் கழற்றியது போதாதென்று ரெகுலேட்டரையும் பிடுங்கினாள் மேரி அக்கா. நானும் சொம்புகளைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன், எனக்கென்னவோ அது திருவிழா மாதிரிதான் இருந்தது. கடைசியில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு சோற்றுப்பானை, சுவரில் ஒரு சாமி படம். "இனிமே ஜப்தி பண்ணணும்னா செவுத்தைத்தான் பேத்துகினு போணும்" என்று கையைத் தட்டிக்கொண்டாள் மேரி அக்கா.

அமீனா உள்ளே வந்து நின்றார். தரையில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு வட்டங்களைப் பார்த்தார், மேலே வெறும் கொக்கியைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லியாம்மா?" என்றார். "நீங்களே பாருங்க சார்" என்றாள் அம்மா, முகத்தில் அத்தனை பெருமிதம். "நல்லா ரோசனை பண்ணிச் சொல்லும்மா" என்று மறுபடி கேட்டார். அம்மா கையை விரித்துக் காட்டினாள். அவர் நைனாவைப் பார்த்தார், நைனா அம்மாவைப் பார்த்தார். பிறகு அமீனா சுவரில் அட்டையைச் சாய்த்து வைத்து எழுதினார், நைனாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு மேரி அக்கா வஞ்சிரம் போட்டுக் குழம்பு வைத்து லைனுக்கே ஊற்றினாள்.

மாதம் திரும்புவதற்குள் வாரண்டோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். கடன் கொடுத்தவன் போட்ட வழக்கில் வீடு காலியாக இருந்தால் அவன்தான் ஏமாந்தான். ஜாமீன் தண்டமோ கோர்ட்டுக்கே சேரவேண்டியது. எடுத்துப்போகச் சாமான் இல்லை என்று எழுதிவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைச் சிவில் ஜெயிலில் அடைக்கலாமாம், ஆறு மாதம் வரைக்கும். வாசலில் நின்று அந்தப் போலீஸ்காரர் இதை விளக்கியபோதுதான் எங்கள் லைனுக்கே விஷயம் விளங்கியது. அமீனா அன்று மிரட்டவில்லை, வழி சொல்லியிருக்கிறார்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மேரி அக்கா வீட்டுக்குள் ஓடி, அமீனா மறுபடி வருவாரோ என்று அங்கேயே விட்டுவைத்திருந்த எங்கள் மிக்சியைத் தூக்கிவந்து போலீஸ்காரரின் காலடியில் வைத்தாள். பிறகு ஃபேன், பிறகு கிரைண்டர் கல். "இதோ கீது சார்! எல்லாம் கீது! எட்துகினு போங்க, அவரை உட்ருங்க!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக இழுத்துவந்தாள். மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், திடீரென்று உள்ளே போய்த் தன்னுடைய டிவியைத் தூக்கிவந்து அந்தக் குவியலில் வைத்தாள், மீன் நிறுக்கும் தராசையும் வைத்தாள். போலீஸ்காரருக்கே முகம் செத்துப்போய்விட்டது. "அதெல்லாம் அமீனா வேலைம்மா. எங்கிட்ட ஆளுக்குத்தான் வாரண்டு கீது" என்றார். நைனா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என் தலையில் கை வைத்துவிட்டு, அவரோடு நடந்தே போனார்.

வக்கீலுக்குக் கொடுக்க எங்கள் சாமான்களையெல்லாம் அம்மா அடிமாட்டு விலைக்கு விற்றாள். ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆறு மாதமும் கழிந்துதான் விட்டார்கள். நாடகத்துக்காகக் காலி செய்த வீடு நிஜமாகவே காலியாகிவிட்டது. அம்மா பங்களாக்களில் பாத்திரம் தேய்த்துத்தான் எனக்குச் சோறு போட்டாள். மேரி அக்கா அதற்கப்புறம் யார் வீட்டுக் கட்டிலையும் கழற்றவில்லை, எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவாள். திரும்பி வந்த நைனா எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. என் ரேங்க் கார்டிலும் போட்டதில்லை, என் கல்யாணப் பதிவின்போதும் பேனாவைத் தொடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை.

இப்போது அந்த லைன் இல்லை. அங்கே கார் நிறுத்த இடம்விட்டுக் கட்டிய ஃபிளாட்டுகள் நிற்கின்றன. மேரி அக்கா செத்துப்போய்விட்டாள். "கிருஷ்ணாயில் வண்டி" என்று கத்தினால் என் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது.

போன வருஷம் நைனாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார், கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் நான் போட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாம்மா போட்ட?"

"உனக்காகத்தான் நைனா. ஒண்ணும் ஆவாது."

"வூட்ல சாமான் இன்னா கீது?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், ஏசி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"எல்லாம் அங்கியே கெடக்கட்டும். யார்னா வந்தா கதவைத் தொறந்து உடு. ஒண்ணத்தையும் எங்கியும் கொண்டுபோய் வெக்காதம்மா."

இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.