வீரம்மா சொல்லாத பெயர்

இலங்கையில் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கண்டிக்கு நடந்து வந்த தமிழர்களுக்குக் காட்டில் சிறுத்தை பயம், வழியெல்லாம் காலரா பயம். ஊருக்குள் கால் வைத்ததும் பிழைத்தோம் என்று மூச்சு விடுவார்கள். பாவிகள், தரகர்கள் காத்திருந்ததே அங்கேதான். மாத்தளைப் பாதை கடைவீதியில் வந்து சேரும் இடத்தில் நின்றுகொண்டு, "அக்கா", "மாமா", "நம்ம ஊரு சனமா?" என்று தேனொழுகப் பேசுவார்கள். ஒருவன் தண்ணீர் கொடுப்பான், இன்னொருவன் மூட்டையைப் பிடுங்குவான். தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கங்காணி கையில் ஏதாவது வைப்பான், அதற்குத்தான் இத்தனை உறவும். சிங்களமும் இங்கிலீசும் புரியாத ஊரில் தமிழ் பேசுகிறவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பிறகு ஹேவாஹெட்டத் தோட்டத்தில் கோப்பி பறிக்க நேர்ந்த வீரம்மாவும் அப்படி நம்பியவள்தான். துறையூர்ப் பக்கத்துப் பெண். தோட்டத்துக்குப் போன புருஷன் காய்ச்சலில் விழ, இனி உதவமாட்டான் என்று துரை விரட்டிவிட்டார். கண்டிக் கடைவீதியில் கிடக்கிறான் என்று ஊர் திரும்பிய ஒருவன் சொன்னான். யார் கடை, எந்தப் பக்கம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. புருஷனை உயிரோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வீரம்மா கிளம்பிவிட்டாள். தோணியேறி வந்து, மன்னாரிலிருந்து ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நடந்தாள். அந்தக் கூட்டம் மாத்தளையில் பிரிந்துவிட, கண்டிக்குத் தனியாகத்தான் வந்தாள்.

தரகர்களின் கையை உதறிவிட்டு அவள் முதலில் ஏறியது அக்குறணைக்காரர் சேகு லெப்பையின் கடை. நல்ல புத்திதான். புருஷன் காய்ச்சலாக இங்கே எங்கோ கிடக்கிறார் என்றாள்.

"அப்பிடி நாலஞ்சு பேரு கெடக்குறாங்க தங்கச்சி. புருசன்ட பேரு என்ன?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. காய்ச்சலில் கிடக்கிறவனின் ஆயுசை இவளே குறைப்பாளா?

"பேரு தெரியாம நான் யாரண்டு சொல்ற?" என்றார் சேகு லெப்பை. அதற்குள் வண்டிக்காரர்கள் அரிசிக்கு வந்துவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

வாசலில் ஒரு தரகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தால் எழுதாமல் விடமாட்டேன்.

"அண்ணன் பேர நீங்க சொல்ல வேணாம் அக்கா. சாடை காட்டுங்க, நான் சொல்றேன்" என்றான்.

நம்ம சனம், முறை தெரிந்தவன் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்னால ஆத்தா பேரு, கோபக்கார ஆத்தா. பின்னால கடல்ல குளிச்சு எடுக்கிறது" என்றாள்.

"அட, நம்ம காளிமுத்து அண்ணன்! தழும்பு இருக்குமே?"

"ஆமா, நெத்தியில."

"நெத்தியிலதான். காய்ச்சல் எல்லாம் போயிருச்சு அக்கா. ஹேவாஹெட்டயில வேலைக்குப் போறாரு. வாங்க."

அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். வீரம்மா சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தோட்டத்தில் கங்காணி ஒரு பல் போன கிழவனைக் காட்டி, "இந்தா இருக்கான் உன் காளிமுத்து" என்று சிரித்தான். தரகன் அதற்குள் கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். அழுதாள், காலில் விழுந்தாள். தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து மறியலில் தள்ளிப் பூட்டுவார்கள் என்று கங்காணி மிரட்டினான். அது பொய்யும் இல்லை. கூடையைக் கட்டிக்கொண்டு கோப்பிப் பழம் பறித்தாள்.

பழக்காலம் முடிந்த பிறகுதான் கண்டிக்குப் போக விட்டார்கள். நேராகச் சேகு லெப்பையின் கடைக்குப் போனாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "காளிமுத்து."

சேகு லெப்பை தராசைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு நீங்க நிண்டீங்களே, அதுக்குப் பொறத்தால, நம்மட சாக்குக் கொட்டில்லதான் படுத்திருந்தாரு. பொஞ்சாதி வருவா வருவாண்டு கொட்டில் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க போய்க் கொஞ்ச நாள்ல முடிஞ்சிட்டாரு." பிறகு மெதுவாக, "பேரக் கேட்டேனே தங்கச்சி" என்றார்.

வீரம்மா தெருவில் இறங்கினாள். மாத்தளைப் பாதை வந்து சேரும் இடத்தில், அத்தனை பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "காளிமுத்து! காளிமுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

புதிதாக வந்த ஒரு தரகன் ஓடி வந்தான். "காளிமுத்து அண்ணனையா தேடுறீங்க அக்கா? நல்லா இருக்காரு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டு, வீரம்மா மறுபடியும் அந்தப் பெயரையே கூப்பிட்டாள்.