சிவப்பு அரளியும் இரண்டு இடத்துக் கல்லும்

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு வருஷம் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். அம்மன் முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம் தலை நிமிர்ந்ததில்லை.

நான் எட்டாவது படித்தவன். பாபநாசம் பக்கம் நெல் விவசாயம். என் ஒரே மகள் தஞ்சாவூரில் இயற்பியல் முடித்ததும், ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அனுப்ப எனக்கு மனமில்லை. தடுக்க வாயும் வரவில்லை. அதனால் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு இலைப் பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் அனுப்புகிறேன் தாயே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பூசாரி ஒன்றை எடுத்துத் தந்தார். பிரிக்கப் பயந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது.

வியாழக்கிழமை வயலில் தண்ணீர் திருப்பும்போது அவளிடம் கேட்டேன்.

"அப்படி அங்க போயி என்னத்தம்மா படிக்கப் போற?"

வரப்போரம் சேற்றில் அமுங்கிக் கிடந்த கல்லைக் காட்டினாள். "எடை இருக்கற எதுவும் சுத்தியிருக்கற இடத்தையும் நேரத்தையும் கொஞ்சம் வளைக்கும்ப்பா, இது சேத்த அமுக்கின மாதிரி. ரொம்பச் சின்னத் துகள் ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல இருக்கற மாதிரி நிலை உண்டு. அப்ப அந்த வளைவும் ரெண்டு விதமா சேர்ந்தே இருக்குமா? தூரம்கறதே ஒரே அளவா இருக்காதா? இன்னும் யாருக்கும் தெரியல."

அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்ததைச் சொல்லி, பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். "அப்ப இந்தப் பொட்டலத்துலயும் ரெண்டு பூவும் இருக்குன்னு சொல்லு."

சிரித்தாள். "அதுல ஒரு பூதாம்ப்பா. நீங்க பாக்கல, அவ்வளவுதான். உங்க பயத்துக்கு எம் படிப்பத் துணைக்கு இழுக்காதீங்க. பிரிங்க."

பிரித்தேன். வாடியிருந்தது. சிவப்பு.

"சிவப்புன்னா என்னப்பா?"

எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். "இங்கயே இருன்னு அர்த்தம்மா" என்றேன்.

கல்லை ஒரு தடவை பார்த்தாள். "அம்மனே சொன்னப்புறம் என்ன" என்று சொல்லி வீட்டுக்கு நடந்தாள்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை பஸ், சாயங்கால பஸ். அந்த வளைவுக் கணக்கெல்லாம் என்ன ஆச்சு என்று ஒரு நாள் கேட்டேன். "அங்க யாராவது போட்டுருப்பாங்கப்பா" என்றாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே. அவள் என் சொல்லுக்குள் அடைந்து கிடக்கிறாள். சொன்ன நானும் வெளியே வர வழி தெரியாமல் கிடக்கிறேன்.

இந்தத் தாளை முதலில் அவள் கையில் கொடுப்பேன். அவள் சரி என்றால்தான் இதை அச்சில் போடுகிற உங்களிடம் வரும். வந்தால், பிள்ளையைப் பிரியப் பயப்படுகிற யாருக்காவது படிக்கக் கொடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். பூ சிவப்பாகவே இருக்கட்டும்.