தமிழில் வாசித்த பிறகு

பத்திரிகைக்காக நான் வாரத்தில் இரண்டு நாள் நீதிமன்றத்துக்குப் போவேன். கரையோரத்திலிருந்து வரும் மீன்பிடி வழக்குகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் முடியும். குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசிப்பார்கள். கூண்டில் நிற்பவர் தலையாட்டுவார். தண்டம் கட்டிவிட்டுப் பகல் பஸ்ஸில் ஊர் திரும்புவார்.

அன்று கண்டக்குழியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தடை செய்யப்பட்ட வலையால் மீன் பிடித்தார் என்று வழக்கு. வலையோடு படகையும் பிடித்து வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு அந்தப் படகைத் தவிர வேறு உழைப்பு இல்லை. விறாந்தையில் அவருடைய மனைவியின் அண்ணன் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“என்ன கேட்டாலும் தலைய ஆட்டு மச்சான். நிக்காஹ்ல ஆட்டினியே, அதே மாதிரி.”

“அதுல ஆட்டித்தானே ஒங்கிட்ட மாட்டிக்கிட்டேன்.”

“கதைய விடு. ஒத்துக்கிட்டா போட் இண்டைக்கே கைக்கு வரும்.”

வராமலும் போகலாம் என்பது எனக்குத் தெரியும். குற்றவாளி என்று முடிந்தால் படகை அரசுடைமையாக்க இடமிருந்தது. அதைச் சொல்வது செய்தியாளனின் வேலையல்ல என்று பேசாமலிருந்தேன். உள்ளே போய், அவருடைய வழக்கு எண்ணுக்கு எதிரே ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று முன்கூட்டியே எழுதியும் வைத்தேன்.

சிங்களத்தில் வாசித்து முடித்ததும் அவர் தலையாட்டினார். நீதவான் பேனையை எடுக்கவில்லை. இவருக்கு விளங்கியதா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வேறொரு மண்டபத்தில் இருந்தார். அவர் வரும்வரை வழக்கை ஒதுக்கிவைத்தார்கள். அரை மணித்தியாலம் போனது.

பிறகு தமிழில் வாசித்தார்கள். “தடை செய்யப்பட்ட வலையைக் கடலில் இட்டு மீன் பிடித்தீர். குற்றவாளியா, சுற்றவாளியா?”

அவர் நிமிர்ந்தார். “நான் போடல்ல சேர். மிதந்து வந்திச்சி. தூக்கி ஏத்தினேன்.”

அவருடைய கரையில் அது வழக்கம். அறுந்து மிதக்கும் வலையை யார் கண்டாலும் ஏற்றிக்கொண்டு வந்து, உரியவர் தேடி வரும்வரை மணலில் போட்டுவைப்பார்கள். என்ன வலை என்று பார்ப்பதில்லை.

பின்வரிசை வாங்கில் மைத்துனர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் எழுதியிருந்ததை வெட்டினேன்.

நீதவான் அதைக் குற்ற மறுப்பாகப் பதிந்து, விசாரணைக்குத் திகதி குறித்தார். அதுவரை படகைப் பிணையில் விடச் சொன்னார்.

வெளியே வந்ததும் மைத்துனர் தொடங்கினார். “இனி எத்தன தவணைக்கு அலையணுமோ.”

“போட் இருக்குதானே, அலைவோம். அந்த வலக்காரன் தேடி வந்தா என்னத்தச் சொல்ற?”

“கோட்டுல இருக்கு, போய் எடுன்னு சொல்லு.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.