பக்கத்து அறையில் இருந்த கையெழுத்து

பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்தில் பதிவாளராக இருந்தபோது, ஓர் இளம் பெண் விரிவுரையாளரின் நிதி விண்ணப்பத்தை வேண்டுமென்றே தடுத்தேன். தேயிலைத் தோட்ட ஓடைகளின் நீரைப் பற்றிய ஆய்வு அது. என்னைத் தாண்டி அவர் நேரே துணைவேந்தரிடம் பேசியதில் எனக்குக் கோபம். கடைசி நாளன்று, "பீடாதிபதி லீவு. கையெழுத்தில்லாமல் அனுப்பேலாது" என்றேன். பீடாதிபதிக்குப் பதிலாகக் கையெழுத்திடக்கூடியவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

ஓய்வுபெற்ற பின், அதே நிதிக்கு மறுபடி விண்ணப்பம் கோரியிருப்பதை அறிந்து, கம்பளையில் அந்த விரிவுரையாளரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும் சேர். பக்கத்து ரூம்ல அவரு இருமுனது எனக்கும் கேட்டுச்சு."

"பிறகேன் பிள்ளை சண்டை பிடிக்கேல்லை?"

"பிடிச்சிருந்தா அடுத்த ஃபோர்மையும் நிப்பாட்டியிருப்பீங்க." புதிய விண்ணப்பக் கோப்பை என் பக்கம் தள்ளினார். "இந்தத் தடவை கையெழுத்தெல்லாம் நீங்களே வாங்கிட்டு வாங்க."

முழங்கால் வலியோடு பல்கலைக்கழகத்தில் மாடி மாடியாக ஏறினேன். என் பழைய பதிவாளர் கதிரையில் இருந்தவர் என்னையும் காக்க வைத்தார், நியாயம்தான். ஆனாலும் விண்ணப்பம் நேரத்துக்குப் போனது.

முடிவு வந்த காலை நான் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றேன். தொலைபேசியில் அவர், "சேர், கெடைச்சிருச்சு!" என்றார். நான் போட்ட கூச்சலில் பஸ் நடத்துனர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, லொத்தர்ல பரிசு விழுந்துருச்சா?"

"அதைவிடப் பெரிசு தம்பி!" என்றேன்.